திரையில் தெரியும் கை

கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிறது திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை காலையில் போனால் வாசலில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று மனுவோடு வந்த கூட்டம்: பட்டா, முதியோர் பென்ஷன், குளத்து ஆக்கிரமிப்பு, குடிதண்ணீர். இன்னொன்று அந்த மனுக்காரர்களுக்காகவே காத்திருக்கும் கூட்டம். தோளில் பை, ஒரு கையில் செல்போன் மாட்டிய ஸ்டாண்டு, மறு கையில் சேனல் பெயர் போட்ட சதுர டப்பா செருகிய மைக். அந்த டப்பாவுக்குத் தொழில் வழக்கில் 'லோகோ' என்று பெயர். காலி குடத்தோடு யாராவது கோஷம் போட்டபடி வந்தால் ஏழெட்டு லோகோக்கள் ஒரே நேரத்தில் நீளும். சாயங்காலம் செய்தி பார்ப்பவருக்கு மனுக்காரரின் முகம் தெரியும், லோகோ தெரியும், அதைப் பிடித்திருக்கும் கையும் மணிக்கட்டு வரை தெரியும். கைக்கு உடையவரைத் தெரியாது.

செய்தி வாசிப்பவர்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. ஷோபனா ரவியின் உச்சரிப்பு, பாத்திமா பாபுவின் நிதானம், நிர்மலா பெரியசாமி இழுத்துச் சொன்ன வணக்கம் எல்லாம் ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்தவை. விவாத மேடை நடத்துபவர்களுக்கு ரசிகர் மன்றம் ஒன்றுதான் குறை. வாசிக்க வேண்டிய செய்தியை மாவட்டத்தில் ஓடிப்பிடித்துத் தருபவரின் தொழில்வாழ்க்கையைத்தான் யாரும் வரிசையாக எடுத்துப் பார்த்ததில்லை. தாமிரபரணிக் கரையில் வைத்து அதைப் பார்க்கலாம். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை இந்த ஆறு தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து முடிந்துவிடுகிறது. இதன் கரையில் முப்பது வருஷத்தில் நடந்தவற்றைப் படம்பிடித்தவர்களின் கதையும் அப்படித்தான். கரையைத் தாண்டி வெளியே போகவில்லை.

பத்திரிகைத் தொழிலுக்கு இந்தப் பக்கம் ஆள் அனுப்பாத காலமே இல்லை. எட்டயபுரத்துப் பாரதி 1904இல் சுதேசமித்திரனுக்குப் போனார். புதுமைப்பித்தன் நெல்லையை விட்டுக் கிளம்பி ஊழியன், தினமணி என்று உழைத்தார். காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில். எதிர்த்திசையில் வந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு: 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர், 1957இல் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. ஆனாலும் பொது விதி ஒன்றுதான். பேர் வாங்க வேண்டுமென்றால் ரயிலேற வேண்டும்.

குரலுக்கும் அதே விதி. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி வானொலியில் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதன், முன்னீர்பள்ளத்துப் பூர்ணம் குடும்பத்தைச் சேர்ந்தவர். 'முள்ளும் மலரும்' நாவல் எழுதிய உமாசந்திரனின் தம்பி. முன்னீர்பள்ளத்துக்கும் திருநெல்வேலி டவுனுக்கும் பஸ்ஸில் போகிற தூரந்தான். அந்தக் குரல் அங்கே வந்து சேர்ந்தது டெல்லியைச் சுற்றிக்கொண்டு. திருநெல்வேலிக்கென்று வானொலி நிலையம் வந்தது 1963இல். அதன் பிறகுதான் இந்த மண்ணின் பேச்சு கொஞ்சமாவது காற்றில் ஏறியது.

தொலைக்காட்சி இங்கே வந்த வழியே விசித்திரம். சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. அதன் அலை தெற்கே எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படம் கிடைத்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் வசதியானவர்கள் மொட்டைமாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். காற்றடித்தால் படம் ஓடிவிடும். ஒருவர் மாடிக்குப் போய்க் குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்த வேண்டும். சொந்த மாநிலத்துச் செய்தியைப் பார்ப்பதற்கு முன்பே கொழும்புச் செய்தியைப் பார்த்துவிட்ட ஊர் இது.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. கரையோர ஊர்களில் இன்றைக்கும் வயதைச் சொல்ல அந்த வெள்ளத்தைக் கணக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். சன் டிவி பிறக்க அப்போது இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதனால் அந்த வெள்ளம் பெரும்பாலும் பத்திரிகைப் படங்களிலும் வாய்ப்பேச்சிலுமே தங்கிவிட்டது. ஒரு வெள்ளத்தின் அளவையே கேமரா இருந்ததா இல்லையா என்பது தீர்மானிக்கும் என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியது. தனியார் சேனல்கள் செய்தி போட ஆரம்பித்ததும் மாவட்டத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. யார் அந்த ஆள்? பத்திரிகை நிருபருக்கு எழுதத் தெரியும், கேமரா பிடிக்கத் தெரியாது. கேமரா பிடிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரே: கல்யாண வீடியோக்காரர். தாலி கட்டும் நேரத்தில் கூட்டத்துக்குள் முண்டி இடம் பிடித்துப் பழகியவருக்கு மறியல் போராட்டம் பெரிய விஷயமில்லை. உள்ளூர் கேபிள் சேனல்களில் கோயில் கொடையும் கட்சிக் கூட்டமும் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் இப்படியே உள்ளே வந்தார்கள். இன்று சேனல்காரர்கள் 'சீனியர்' என்று மரியாதையோடு சொல்லும் பலரின் பூர்வாசிரமம் கல்யாண மண்டபம். இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்துப் படிப்பு எல்லோருக்கும் வாய்க்காத காலத்தில் தொழிலைத் தொழிலே கற்றுக்கொடுத்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் வகுப்புகளும் பிற்பாடு ஆள் தயாரித்தன. ஆனால் அங்கே படித்து முடித்தவர்களில் கெட்டிக்காரர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினார்கள்.

அந்த ரயிலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இணையம் வருவதற்கு முன்பு படம் என்பது கேசட். கேசட் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் செய்தி. சாயங்கால ரயிலிலோ ஆம்னி பஸ்ஸிலோ தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டு, கோச் நம்பரையும் சட்டை நிறத்தையும் ஆபீசுக்கு போனில் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேல் ஊரில் எது நடந்தாலும் அது மறுநாள் செய்திதான். 'பிரேக்கிங்' என்ற வார்த்தைக்கு அப்போது இங்கே பொருளில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1999 ஜூலை 23 வந்தது. மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களின் சம்பள உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் ஆறு. தண்ணீருக்குள் இறங்கியவர்களையும் தடி விடவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை உள்பட 17 பேர் செத்துப்போனார்கள். அன்று பதிவான காட்சிகள் இல்லையென்றால் அந்த நாள், அதிகாரக் குறிப்பில் 'கலவரம், தடியடி, சிலர் நீரில் மூழ்கினர்' என்ற ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படத்தில் அந்தக் காட்சிகளை இன்றும் பார்க்கலாம். கேமரா ஆடுகிறது. பிடித்தவரும் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிகிறது. என் கணக்கில் தாமிரபரணிக் கரையில் தொலைக்காட்சிச் செய்தியாளர் என்ற தொழில் பிறந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்பு அவர் நிகழ்ச்சி எடுப்பவர். அதற்குப் பிறகு சாட்சி.

சாட்சிக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்தது. 2012இல் தந்தி டிவி, 2014இல் நியூஸ் 7, 2016இல் நியூஸ் 18 தமிழ்நாடு. ஐந்தே வருஷத்தில் மாவட்டத்துக்கு இருந்த லோகோக்களின் எண்ணிக்கை பல மடங்கானது. மாவட்டம் பிரிந்தாலும் தொழில் பெருகும்: 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. புது ஆட்சியர், புது எஸ்.பி. என்றால் புது மாவட்டச் செய்தியாளர். ஆனால் இந்த வேலைகளில் பெரும்பகுதி 'ஸ்ட்ரிங்கர்' வேலை. மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பாபநாசம் வரை பைக்கில் போய் எடுத்து வந்த செய்தி, சென்னையில் வேறு பெரிய விஷயம் வந்துவிட்டதால் போகவில்லை என்றால், பெட்ரோல் காசு அவருடையது. கேமரா அவருடையது. சில நேரம் லோகோவுக்கே முன்பணம் கட்டியிருப்பார். அதனால் காலையில் ரியல் எஸ்டேட், மத்தியானம் செய்தி, முகூர்த்த நாளில் பழையபடி கல்யாண வீடியோ. ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியாததால் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் விஷுவலைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஏழு சேனலிலும் ஒரே கோணத்தில் ஒரே படம் வருவதன் ரகசியம் இதுதான். போட்டி சென்னையில், கூட்டுறவு கொக்கிரகுளத்தில்.

ஏணி என்று ஒன்று உண்டா என்றால், பாதியில் நிற்கும் ஏணி. ஸ்ட்ரிங்கர் நன்றாகச் செய்தால் சம்பளத்துக்கு மாவட்டச் செய்தியாளர் ஆகலாம். அதற்கு மேல் ஏற, செய்தியைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவான டெஸ்க்குக்குப் போக வேண்டும். டெஸ்க் இருப்பது சென்னையில். நாற்பது வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகைக்கு அலைய முடியாதவர் இங்கேயே இருந்துவிடுவார். குரலும் சென்னையில்தான். இவர் எழுதி அனுப்புவதற்கு அங்கே ஒருவர் குரல் கொடுப்பார். இவருடைய சொந்தக் குரல் வருவது போனில் நேரலையாகப் பேசும் 'ஃபோனோ'வில் மட்டும். 'என்ன நிலவரம்' என்று அங்கிருந்து கேட்பார்கள். "வந்து... காலையில இருந்தே..." என்று நெல்லை வாடையோடு ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் 'தொடர்ந்து பரபரப்பு நிலவி வருகிறது' என்ற எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்.

அந்த எழுத்துத் தமிழில் ஒரு சொல்லைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்: 'முன்விரோதம்'. இந்தப் பள்ளத்தாக்கில் நடக்கும் கொலைகளில் பாதிக்கு அதுதான் காரணம் என்று செய்தி கேட்பவர் நினைக்கக்கூடும். போலீஸ் குறிப்பில் அப்படி இருக்கும். செய்தியிலும் அப்படியே போகும். 'இரு தரப்பினரிடையே மோதல்' என்பது இன்னொரு மொழிபெயர்ப்பு. எந்தத் தரப்பு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், செய்தியாளருக்கும் தெரியும். சொன்னால் கலவரம் மூளும் என்பது ஒரு காரணம், அது நியாயமானதும்கூட. இன்னொரு காரணம், அவரும் இந்த மண்ணின் மனிதர். செய்தி சேகரிக்கப் போகிற இடத்தில் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்தூரு?" கேட்பவர் ஊரையா கேட்கிறார்? ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார், தெருவைச் சொன்னால் போதும். அந்தப் பதிலைப் பொறுத்துதான் 'பைட்' எனப்படும் பேட்டித் துண்டு கிடைக்கும் அல்லது கிடைக்காது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டபோது சாதி என்ற சொல்லை மறைக்க வழியில்லாமல் போயிற்று. அந்த ஒரு வாரம் எல்லாச் சேனல்களும் வெளிப்படையாகப் பேசின. அப்புறம் மறுபடி முன்விரோதம்.

2017 அக்டோபர் 23ஆம் தேதியும் ஒரு திங்கட்கிழமைதான். கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து அலுத்த ஒரு குடும்பம், ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தது. தாய், தந்தை, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், நால்வருமே பிழைக்கவில்லை. எரியும் குழந்தையின் படம் நாடு முழுக்கப் போனது. உடனே எழுந்த கேள்வி, 'படம் எடுத்தவர்கள் காப்பாற்றாமல் என்ன செய்தார்கள்?' கேட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். படம் இல்லையென்றால் அந்தக் குடும்பத்தின் மனுக்கள் எத்தனையாவது கட்டில் கிடந்தன என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஓரிரு நொடியில் மண்ணை அள்ளுவதா பட்டனை அழுத்துவதா என்று முடிவெடுக்கும் ஆளுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தைரியமில்லை. அந்தச் சம்பவத்தை வைத்துக் கார்ட்டூன் போட்ட பாலாவை நெல்லை போலீஸ் சென்னைக்குப் போய்க் கைது செய்து அழைத்துவந்தது; மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அந்தத் தீக்குளிப்புக்குப் பிறகு திங்கட்கிழமை தோறும் வாசலில் மனுக்காரர்களின் பைகளைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீஸ் பார்க்கிறது. செய்தியாளர்கள் அந்தச் சோதனையையும் எடுக்கிறார்கள்.

எந்த லோகோ கையில் இருக்கிறது என்பது சொந்த மாவட்டத்திலேயே எதை எடுக்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. பல தமிழ்ச் சேனல்களுக்குப் பின்னால் ஒரு கட்சி, இல்லையென்றால் ஒரு கல்வி நிறுவனம், இல்லையென்றால் ஒரு தொழில் குழுமம். தென்கடலோரத் தாது மணல் அள்ளும் தொழிலை மாநில அரசு 2013இல் தடைசெய்தது. அந்தத் தொழிலின் பெரும் புள்ளியான விவி குழுமத்தைச் சார்ந்து மறு வருஷமே ஒரு செய்திச் சேனல் பிறந்தது. 2017இல் தாது மணல் பற்றி நீண்ட புலனாய்வுத் தொடர் எழுதியவர் சந்தியா ரவிசங்கர். தொலைக்காட்சியில் பணிபுரிந்தவர், ஆனால் அதை எழுதியது இணைய இதழில். அதற்காக அவர் பட்ட தொல்லைகள் கொஞ்சமல்ல. திசையன்விளைப் பக்கத்து ஸ்ட்ரிங்கர் ஒருவர் அதே விஷயத்தைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். மாவட்டச் செய்தியாளர் கூட்டத்தில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசிக்கும் நாற்காலிக்கான கதவு எப்போதோ திறந்துவிட்டது. கோயம்புத்தூரில் 2014 சுதந்திர தினத்தன்று லோட்டஸ் சேனலில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். ராத்திரி பதினோரு மணிக்குக் கொலை நடந்த இடத்துக்குப் போகும் பைக்தான் இன்னும் ஆண்களிடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சுப் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2011இல் அரசு அறிவித்த மஜீதியா ஊதியக் குழுவும் அச்சு நிறுவனங்களுக்கும் செய்தி முகமைகளுக்கும்தான். ஒரே பிரஸ் மீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் பேனா பிடித்தவர் சட்டப்படி பத்திரிகையாளராக இருந்தார், லோகோ பிடித்தவர் யாரோ. 2020இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புதான் மின்னணு ஊடகத்தையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்தது. கையில் நியமனக் கடிதமே இல்லாத ஸ்ட்ரிங்கர் அந்தக் கதவைத் தட்டினால் திறக்குமா என்பது வேறு கேள்வி. 2021 மே மாதம் செய்தியாளர்களை முன்களப் பணியாளர்கள் என்று தமிழக அரசு அறிவித்தது; அதே வருஷம் பத்திரிகையாளர் நல வாரியமும் வந்தது. எல்லாவற்றுக்கும் கேட்கும் முதல் காகிதம், நிறுவனத்தின் சான்று. அதுதான் இவரிடம் இருக்காது.

ஆபத்துக்கு மட்டும் சான்று தேவைப்படுவதில்லை. 2020 நவம்பரில் குன்றத்தூர்ப் பக்கத்தில் தமிழன் டிவி செய்தியாளர் இஸ்ரவேல் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் பல்லடத்தில் நியூஸ் 7 செய்தியாளர் நேசபிரபு, தன்னை ஆட்கள் நோட்டமிடுகிறார்கள் என்று போலீசுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதே தாக்கப்பட்டார். 2018 மே 22, 23 தேதிகளில், ஆறு கடலைத் தொடும் மாவட்டத்தின் தலைமையிடமான தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் போராட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வேனின் மேலே ஏறிக் குறிபார்க்கும் காட்சி இல்லையென்றால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. நேரலை அனுப்பும் ஓபி வேன் நிறுத்தியிருந்த பெரிய சேனல் செயற்கைக்கோளுக்கே அனுப்பிக்கொள்ளலாம். செல்போனை நம்பியிருந்தவர்களுக்குக் கேசட் காலம் திரும்பி வந்தது. ஆனால் இப்போது கேசட்டும் கிடையாது.

இந்தத் தொழிலின் உயரமும் ஆபத்தும் எங்கே இருக்கின்றன என்று வங்காள தேசத்தோடு ஒப்பிட்டால் ஒன்று புரிகிறது. சன் டிவி பிறந்த அதே ஏப்ரல் 14ஆம் தேதியில், ஏழு வருஷம் கழித்து, டாக்காவில் ஏகுஷே டெலிவிஷன் தொடங்கியது. 1971இல் டாக்கா படுகொலையை உலகுக்குச் சொன்ன செய்தியாளர் சைமன் டிரிங் அதன் பின்னால் இருந்தார். தரைவழி ஒளிபரப்பு என்பதால் கேபிள் இல்லாத கிராமத்துக்கும் போனது. 2002 ஆகஸ்டில் உரிமப் பிரச்சினையில் மூடப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அங்கே பயின்றவர்கள் பிற சேனல்களுக்கெல்லாம் பரவினார்கள். தமிழில் 2011இன் புதிய தலைமுறை ஓரளவு அப்படி ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. டாக்காவில் இன்னொன்றும் உண்டு. 2012 பிப்ரவரியில் சாகர் சரோவர், மெஹரூன் ரூனி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் தம்பதி வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். விசாரணை அறிக்கைக்கான வாய்தா நூறு தடவைக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. அங்கே தொழிலின் உயரமும் ஆபத்தும் தலைநகரத்தில் ஒன்றாக இருக்கின்றன. இங்கே உயரம் சென்னையில், ஆபத்து பல்லடத்திலும் கொக்கிரகுளத்திலும்.

2023 டிசம்பர் 17, 18இல் மறுபடி வெள்ளம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் ஆறு புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று லோகோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தவர்களை அன்று எல்லோரும் பார்த்தார்கள். நெல்லையின் செய்தியாளர்களுக்கு முகம் கிடைத்த சில நாள்கள் அவை. ஆனால் ரயிலுக்கு அவர்களாலும் போக முடியவில்லை. சாலை இல்லை, டவர் இல்லை. அங்கிருந்து வந்த முதல் படங்கள் பேட்டரி தீரும்வரை பயணிகள் எடுத்தவை. அவர்கள் கையில் லோகோ இல்லை. அதற்காக அது செய்தியில்லை என்று யாரும் சொல்லவில்லை. இந்தத் தொழிலின் அடுத்த கேள்வி அங்கே இருக்கிறது. சில ஸ்ட்ரிங்கர்கள் ஏற்கெனவே பதில் தேடத் தொடங்கிவிட்டார்கள்: சொந்த யூடியூப் சேனல், சொந்த லோகோ. விளம்பரம் பிடிப்பவரும் அவரே, செய்தி பிடிப்பவரும் அவரே. அந்த இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்பது சொல்லாமலே தெரியும்.

ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் காலையில் கட்சிக்காரர்கள் ஊர்வலமாக வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். பாதுகாப்புக்குப் போலீஸ் நிற்கும். படித்துறையில் செய்தியாளர்கள் இடம் பிடிப்பார்கள். அவர்களில் சிலர் 1999இல் பிறந்தே இருக்க மாட்டார்கள். தலைவர் பேசும்போது லோகோக்கள் நீளும். பிறகு சிலர் இரண்டு படி கீழே இறங்கி, செருப்பு நனைய நின்று, பூ மிதந்து போவதை எடுப்பார்கள். நாற்பது நொடி விஷுவல் போதும் என்று டெஸ்க்கில் சொல்லியிருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு டீக்கடைக்கு நடப்பார்கள்.